பத்தாவது பெயர்

வில்லடியேந்தலில் ஆம்பல் என்று ஒரு பிள்ளை இருந்தது நிஜமா என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், நாங்கள் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணுவதில்லை, பள்ளிக்கூடத்துப் பீரோவைத் திறந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டுவோம். அதில் பத்தாவது பெயருக்கு நேரே மூன்று வருஷமும் ஒருநாள் விடாமல் வருகை போட்டிருக்கும், காய்ச்சல் என்று லீவு இல்லை, கல்யாணம் என்று லீவு இல்லை, மிளகாய்ப் பழம் எடுக்கிற மாசத்தில்கூட இல்லை. இப்படி ஒரு பிள்ளை எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இருக்காதே என்று அவர்கள் சிரிப்பார்கள். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்.

எங்கள் ஊர் ராமநாதபுரத்துக்கு மேற்கே, கண்மாய்க்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் எழுபது வீடு; கண்மாய் நிறைந்த வருஷம் மிளகாய் போடுவோம், நிறையாத வருஷம் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவோம். ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்று உண்டு: ஒரு கட்டிடம், ஒரு வேம்பு, ஒரே ஒரு டீச்சர். ஜெசிந்தா டீச்சர் கடற்கரைப் பக்கத்துக்காரர், தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் ஐந்து வரிசையாக உட்காரவைத்து, முதல் வரிசைக்கு அ, ஆ சொல்லிக்கொண்டே கடைசி வரிசையின் வகுத்தல் கணக்கைத் திருத்துவார். அந்த வருஷம் டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்து, வருகிற ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்றிரண்டு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனதில், டீச்சரிடம் மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். பத்துக்குக் கீழே போனால் பள்ளிக்கூடத்தை மூடி முத்தூரணி நடுநிலைப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. முத்தூரணி ஆறு கிலோமீட்டர், நடுவில் நான்குவழிச் சாலை, அதில் லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை.

அப்போது ஆதார் எல்லாம் வரவில்லை, எல்லாம் காகிதம்தான். கரிமூட்டம் போடுகிற சாத்தையா பெற்றோர் கழகத் தலைவராக இருந்தார்; அவர்தான் முதலில் அதைச் சொன்னார்.

"ஒரு பேரு கூட எழுதுங்க டீச்சர். என்ன குடியா முழுகிப் போகுது?"

"யாரு பேர?"

"யாரும் இல்லாத பேருதான்."

இதை நாங்கள் பொய் என்று நினைக்கவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி வைத்ததே பள்ளிக்கூடம்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்லுவார்கள், தொட்டுவிட்டால் ஐந்து வயசு, ஏதோ ஒரு தேதியை எழுதிவிடுவார்கள், அந்தத் தேதியிலேயே கல்யாணம் ஆகி, அந்தத் தேதியிலேயே ஓட்டுப் போட்டு, அந்தத் தேதியின்படியே கிழவர்களாகி எங்கள் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். பிறந்த பிள்ளைக்குத் தேதி உண்டாக்க முடியும் என்றால், தேதிக்கு ஒரு பிள்ளையை உண்டாக்கினால் என்ன என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அதனால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் கூடி ஆளுக்கொன்று சொன்னோம். பெயர் டீச்சர் எடுத்தது, பாடப்புத்தகத்தில் நீர்ப்பூக்கள் என்ற பக்கத்திலிருந்து. மூன்றாம் வகுப்பில் ஆள் குறைச்சல், அதனால் மூன்றாம் வகுப்பு. அங்க அடையாளம் இரண்டு வேண்டும்; இடது காதுக்குக் கீழே மச்சம் என்று ஒருத்தர், வலது முழங்காலில் தழும்பு என்று ஒருத்தர். தாய் பெயர் என்ற இடத்தில் டீச்சரின் பேனா நின்றது.

சத்துணவு சமைக்கிற முத்திருளாயி பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரப் போட்டுக்கங்க டீச்சர். ரெண்டு பெத்தேன், ரெண்டும் எட்டாவதோட திருப்பூருக்குப் போயி பனியன் தைக்குதுக. இவளாவது சோறு கேக்காம இருப்பா."

"அப்பா பேரு?"

"அந்த மனுசன் கூட இருந்தப்பவே எதுக்கும் ஆகல. பேருக்கு மட்டும் எதுக்கு? கோடு போட்டு விடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சாதி என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. எங்க ஆளாகப் போடாதீர்கள், நாளைக்கு ஆபீசர் வந்து வீட்டைக் காட்டு என்றால் என்ன செய்ய என்று மேலத்தெரு சொன்னது, அதையே கீழத்தெருவும் சொன்னது. கடைசியில் டீச்சர் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டுப் பேனா மூடியைத் திருகினார்.

ஒரு வாரம் டீச்சரே பத்தாவது பெயரைக் கூப்பிட்டு, டீச்சரே வருகை போட்டுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை அவர் கூப்பிட்டுவிட்டுக் குனிந்து எழுதப் போகும்போது, மூன்றாம் வரிசையின் ஓரத்திலிருந்து, "உள்ளேன் டீச்சர்" என்று சத்தம் வந்தது.

இடது காதுக்குக் கீழே மச்சம் இருந்தது. முழங்காலில் தழும்பு இருந்தது. சீருடை தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது, அது ஒன்றுதான் எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை என்று காட்டியது. டீச்சர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், பதிவேட்டை ஒருமுறை பார்த்தார், பிள்ளையை ஒருமுறை பார்த்தார், பிறகு கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னார். ஐந்து வகுப்பை ஒரே நேரத்தில் பார்க்கிறவருக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது.

மத்தியானம் தட்டேந்தி வரிசையில் நின்ற ஆம்பல், முத்திருளாயி முட்டையை வைக்கும்போது, "அம்மா, எனக்கு மஞ்சள் கரு வேண்டாம்" என்றாள்.

"யாருடி ஒனக்கு அம்மா?"

"பதிவேட்டில் தங்கள் பெயர்தான் இருக்கிறது."

அவள் அப்படித்தான் பேசினாள், புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, ஒரு எழுத்தையும் விழுங்காமல். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. முத்திருளாயி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று, "ரேடியோப் பெட்டியப் பெத்துப் போட்டுருக்கேன் போல" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் கருவைத் தனியாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நாலு பத்துக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடின, அவளும் ஓடினாள். கேட்டைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்தபோது அவள் இல்லை. மறுநாள் காலையில் பிரார்த்தனை வரிசையில் கடைசியாக நின்றாள். சனி ஞாயிறு இல்லை, திங்கள் இருந்தாள். ராத்திரியெல்லாம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "தூங்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அங்கேதான்" என்றாள். அதற்கு மேல் எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. முதல் வாரம் வேடிக்கை பார்க்கப் போனோம், இரண்டாவது வாரம் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போனோம், மூன்றாவது வாரம் அவள் எங்கள் ஊர்ப் பிள்ளை ஆகிவிட்டாள். முதலில் வேண்டாம் என்ற இரண்டு தெருவும் இப்போது அவள் எங்க ஆள் என்று டீச்சரிடம் போய் நின்றன. டீச்சர் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவள் யார் பாட்டிலிலும் தண்ணீர் குடித்தாள், யார் தட்டிலிருந்தும் ஊறுகாய் எடுத்தாள், அவளைப் பார்த்துப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் அப்படியே ஆனார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, பேசினால் நின்றுபோய்விடுமோ என்று ஒரு பயம்.

அவளுடைய ஒரே தொந்தரவு கேள்வி. அவள் பார்த்த உலகம் அந்தச் சுற்றுச்சுவருக்குள் இருந்தது மட்டும்தான். மற்றதெல்லாம் புத்தகத்தில் படித்தது. பென்குவின் தெரியும், கரி தெரியாது. துருவக் கரடி தெரியும், ஆட்டுக்குட்டி தெரியாது. கண்மாய் என்ற சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவாள், அது வட்டமா சதுரமா என்று கேட்பாள். சாத்தையா ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து, "ஐயா, நெருப்பில் வேகும் மரம் ஏன் சாம்பலாகாமல் கரியாகிறது?" என்று சத்தம் வந்தது. அவர் பீடியைக் கீழே போட்டார். நாற்பது வருஷம் மூட்டம் போட்டவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வாயால் சொல்லிப் பார்த்தார், அவளுக்குப் போதவில்லை. மறுநாள் வண்டியில் கட்டையும் மண்ணும் வைக்கோலும் கொண்டுவந்து, வேப்பமரத்துக்குத் தள்ளி, இடுப்பு உயரத்துக்குக் குட்டி மூட்டம் ஒன்று போட்டு, எங்கே காற்று விடவேண்டும் எங்கே அடைக்கவேண்டும் என்று ஐந்து வகுப்புக்கும் காட்டினார், பேசப் பேச அவர் குரல் கோயில் பூசாரி மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் அவள் வெளியே வர முடியாததால் ஊர் உள்ளே போனது. மிளகாய் எப்படிக் காயும் என்று கேட்டாள், களத்தில் காயவேண்டிய மிளகாய் பள்ளி மைதானத்தில் செக்கச்செவேலென்று காய்ந்தது. பிறந்த குட்டி எப்படி எழுந்து நிற்கும் என்று கேட்டாள், சினை ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள், அது மூன்றாம் பாடவேளையில் இரண்டு குட்டி போட்டது. ஓட்டு எப்படிப் போடுவது என்று கேட்டாள், ஊராட்சித் தலைவியே வந்து, பேச்சு வராமல் வேர்த்துப் போய், கடைசியில் தான் ஜெயித்த கதையைச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குள் காலே வைக்காத ஆட்கள் எல்லாம் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாருக்கும் தெரியாத கேள்வியும் இருந்தது; வேப்பம்பழத்தைத் தின்கிற காக்காய்க்கு அது ஏன் கசக்கவில்லை என்ற கேள்விக்கு நாங்கள் ஒரு மாசம் பதில் தேடினோம், ஊரே காக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றது. மஞ்சள் வேனில் போகிற பிள்ளைகள் சன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அழுது அடம் பிடித்ததில், ஒன்று வந்தது, நாலு வந்தது, அவள் நாலாம் வகுப்பு முடிப்பதற்குள் டீச்சரிடம் பதினேழு பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு இனி பயமில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம்கூட அவள், "ஐயா, பள்ளிக்கூடத்தை மூடினால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்டாள்; அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ கூடக் குடிக்காமல் ஜீப் ஏறினார்.

முத்திருளாயிதான் மாறிப் போனாள். வாய் மாறவில்லை, அது அப்படியேதான் இருந்தது. ஆனால் சனி ஞாயிறு அவளுக்கு ஆகவில்லை. "பிள்ளைகளுக்கு வாய்ப்பாடே தெரியல டீச்சர், சனிக்கெழம வச்சா என்ன?" என்று போய் நின்றாள், டீச்சரும் வைத்தார். மே மாசம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கேட்டுக்கு முன்னால் அவள் விளக்குமாற்றோடு நின்று, கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டிருப்பாள். ஜூன் பிறந்தால் ஆம்பல் ஒரு விரல் உயரம் கூடி வந்து நிற்பாள், முத்திருளாயி, "எங்கடி மேஞ்சிட்டு வர்ற?" என்று கேட்டுக்கொண்டே சீருடையின் மடிப்பைப் பிரித்து நீளம் விடுவாள். அவள் பேச்சு ஒட்டிக்கொண்டு ஆம்பலின் புத்தகப் பேச்சும் மெல்ல மெல்ல நனைந்து தளர ஆரம்பித்திருந்தது.

அப்படி ஐந்தாம் வகுப்பு வந்து, அது முடிகிற ஏப்ரலும் வந்தது. எங்கள் பள்ளியில் ஐந்துதான் கடைசி. அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது.

வேப்பமரத்தடியில் மறுபடியும் கூடினோம். டீச்சர் சொன்னார்: "டி.சி. குடுக்கணும்னா மொதல்ல இங்க பேர சிவப்பு மையில அடிக்கணும். அங்க முத்தூரணியில எழுதினாதான் அங்க பிள்ளை. நடுவுல ஆறு கிலோமீட்டர்."

"நடுவுல என்ன ஆவா?" என்றாள் முத்திருளாயி.

டீச்சர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

சாத்தையா தொண்டையைச் செருமினார். "தேதி நாம வச்சதுதான. மாத்திப் போடுங்க. ஒண்ணாவதுல புதுசாச் சேத்தமாதிரி எழுதிட்டா இன்னும் அஞ்சு வருசம். அப்புறம் மறுபடியும் மாத்திக்கிறது."

"சாத்தையா அண்ணே, ஒரு பொய் எழுதினதுக்கு ஒரு பிள்ளை வந்து நின்னுச்சு. இன்னொண்ணு எழுதினா என்ன வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாது."

"என்னமோ வரட்டும். இவ போகாம இருந்தாப் போதும்ல?"

எல்லாரும் முத்திருளாயியைப் பார்த்தோம். டி.சி. வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியது அவள். டீச்சர் கொடுத்த தாளை நாலாக மடித்து, அரிசி டிரம்முக்குள் கைவிட்டு அடியில் புதைத்துவிட்டு, "எனக்குக் கையெழுத்து மறந்துபோச்சு" என்றாள் அவள்.

சன்னலுக்கு உள்ளே ஆம்பல் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. தேன்கூட்டோடு வந்த ஆள், அவளுக்கு முன்னால் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார். பிரார்த்தனையில் நின்றாள், வீட்டுப்பாடம் காட்டினாள், கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. முத்தூரணியில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருத்தன், அங்கே கணக்கில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வரும் என்றும், நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது என்றும், வெங்காயத் தோலை அதில் வைத்தால் அறை அறையாக வீடு கட்டியிருக்கும் என்றும் சுவருக்கு வெளியே நின்று பீற்றிக்கொண்டிருந்தான். போன மாசமாக இருந்தால் அவனை அவள் விட்டிருக்கமாட்டாள். இப்போது கேட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் உருவம்கூட மங்குகிறதோ என்று எங்களில் சிலர் சொன்னார்கள், இல்லை இல்லை வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சிலர் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் முத்திருளாயி முட்டையை வைத்தாள், ஆம்பல் மஞ்சள் கருவையும் சேர்த்து, வேண்டாம் என்று சொல்லாமல், மென்று விழுங்கினாள்.

முத்திருளாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி. வாயில என்ன கொழுக்கட்டையா? எதையாச்சும் கேளேன்."

ஆம்பல் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, நீ ஏன் ஆறாப்புக்குப் போகல?"

"தூரம்."

"எம்புட்டுத் தூரம்?"

"ஒனக்குத் தெரியாதா, ஆறு கிலோமீட்டரு. பொம்பளப் பிள்ள தனியாப் போகக்கூடாதுன்டாக. வீட்டுல வச்சுக்கிட்டாக, பத்திரமா."

"பத்திரமா இருந்தியா?"

முத்திருளாயி கீழே வைத்த கரண்டியை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"எனக்கு கேட்டு வரைக்குந்தான் தூரம்," என்றாள் ஆம்பல். "போனா இல்லாமப் போயிருவேனான்னு எனக்கும் தெரியல. ஆனா அதையும் பாத்தாத்தானம்மா தெரியும்?"

அன்றைக்குச் சாயங்காலம் முத்திருளாயி அரிசி டிரம்மைக் கவிழ்த்தாள். தாள் முழுக்கத் தவிடு. கையெழுத்து மறக்கவில்லை, ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, நெட்டையும் குட்டையுமாக, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தது.

கடைசி வேலைநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் மேசையில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் சன்னலில் இருந்தோம். நீங்கும் காரணம்: மேற்படிப்பு. நடத்தை: நன்று. முத்திரை குத்தினார், ஊதிக் காயவைத்தார், பிறகு பதிவேட்டை இழுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, பத்தாவது பெயரின் மேல் ஒரே கோடாக இழுத்தார். ஆம்பல் மேசைக்கு முன்னால் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"சீக்கிரம் போங்க," என்றார் டீச்சர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அங்க நாலு மணிக்கு ஆபீஸ் பூட்டிருவாங்க."

கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊர் நின்றது. அந்தப் பக்கம் நின்றவர்கள் ஏந்திப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். முத்திருளாயி முன்னால் வெளியே போய்த் திரும்பி நின்று, வா என்று தலையை ஆட்டினாள். ஆம்பல் டி.சி.யை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, வேப்பமர நிழல் முடிகிற இடத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்து, அடுத்த காலையும் வைத்தாள்.

"ஆத்தாடி, சுடுது!"

அப்படிக் கத்திக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தாள். ஏப்ரல் மாசத்து மண், செருப்பில்லாத கால், சுடாமல் என்ன செய்யும். ஊரே ஓவென்று சத்தம் போட்டது. சாத்தையா துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். முத்திருளாயி தன் செருப்பைக் கழற்றி அவள் காலில் மாட்டி, "இதுக்குத்தாண்டி கூப்பாடா?" என்று வைதுகொண்டே வெறுங்காலோடு நடந்தாள்.

ஆறு கிலோமீட்டர் எங்கள் ஊர் நடைக்கு ஒன்றரை மணி நேரம். அவர்களுக்கு மூன்றரை ஆனது. கண்மாய்க்கரை ஏறியதும் அவள் நின்றாள். அது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்த பிறகுதான் நகர்ந்தாள். பாம்பு உரித்துப் போட்ட சட்டை ஒன்றைக் கையில் எடுத்து, பாம்புக்கு இது வலிக்குமா என்று கேட்டாள். பனைமரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். ஒன்பது நாள் கேட்காமல் வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. முத்திருளாயி தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள், சிலதை இட்டுக்கட்டினாள். நான்குவழிச் சாலைக்கு வந்ததும், காலமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஓடித் தாண்டியே பழகிய முத்திருளாயியைக் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, அந்த லாரியப் பாரு, என்.எல். போட்டுருக்கு, அது நாகாலாந்து. அங்க இருந்து இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்துச்சு?" என்று கேட்டாள் ஆம்பல். இந்தச் சாலையில் வருகிற லாரிகளில் எழுதியிருக்கிறது என்பதே முத்திருளாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்து ஆந்திரா வந்தது, அடுத்து மறுபடியும் நாகாலாந்து, இரண்டு பேரும் மாறி மாறிப் படித்துக்கொண்டு அங்கேயே அரைமணி நேரம் நின்றார்கள்.

முத்தூரணிப் பள்ளிக்கூடத்து கேட்டில் பூட்டு தொங்கியது. வாட்ச்மேன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

"லீவு விட்டாச்சே ஆத்தா. ஆபீஸப் பூட்டிக்கிட்டு சாரு இப்பத்தான் போறாரு. ஜூன் மொதத் தேதி வாங்க."

"ஐயா, பேர மட்டும் எழுதிக்கிடச் சொல்லுங்கய்யா. பேரு மட்டும்."

"யாரு எழுதுறது? நானா? நோட்டெல்லாம் பீரோவுக்குள்ள. போயிட்டு ஜூன்ல வா."

முத்திருளாயி சாலையோரப் பாலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே அடித்தாயிற்று, இங்கே எழுதவில்லை. நாற்பது நாளுக்கு இந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை, எந்தத் தாளிலும் இல்லை. பக்கத்தில் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பார்த்தபோது ஆம்பல் சாலையில் நீண்டு விழுந்த தன் நிழலை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்ப மணி என்ன?"

"அஞ்சு இருக்கும்."

"அஞ்சு மணி இப்படியா இருக்கும்?" அவள் நாலு பத்துக்கு மேல் ஒரு சாயங்காலத்தையும் பார்த்ததில்லை. மேற்கே கருவேலங்காட்டுக்கு மேலே வெளிச்சம் மஞ்சளாகி, கொக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வயிற்றில் கைவைத்தாள். "இங்க என்னமோ பண்ணுதும்மா. உள்ள பிறாண்டுற மாதிரி."

முத்திருளாயிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு வேளை என்று ஒன்று அந்தப் பிள்ளைக்கு இருந்ததே இல்லை.

"பசிடி அது," என்றாள். "எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

திரும்பி வரும்போது அவர்கள் எங்கேயும் நிற்கவில்லை. ஊருக்குள் நுழைகையில் விளக்கு வைக்கிற நேரம். இரண்டு உருவம் வருகிறதா ஒன்றுதான் வருகிறதா என்று பார்க்க நாங்கள் எல்லாரும் வாசல்களில் நின்றோம், ஆனால் ஒருத்தரும் அதற்காக நிற்கிற மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. முத்திருளாயி வீட்டுக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். வாசலுக்கு ஓடிவந்தாள்.

ஆம்பல் நிலைப்படிக்கு வெளியே, கால்களைச் சேர்த்துவைத்து, வகுப்புக்கு நேரங்கழித்து வந்த பிள்ளை மாதிரி ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உள்ளே வரலாமா?"

"கூறுகெட்டவளே," என்றாள் முத்திருளாயி, கதவைப் பிடித்துக்கொண்டு. "வீட்டுக்குள்ள வர யாராச்சும் கேப்பாகளா?"

ஆம்பல் கையை இறக்கி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். பிறகு அடுப்புக்கு மேலே பரணில் இருந்த தகர டப்பாவைக் காட்டி, "அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.